சாட்சி சொன்ன கழுதை

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பக்கத்தில் ஒரு பழமொழி உண்டு. தீர விசாரிப்பதற்கென்றே ஒரு மேஜை போட்டு, அதைச் சுற்றி ஏழெட்டுப் பேரை உட்கார வைத்து, அவர்கள் விசாரித்ததையும் விசாரிக்காமல் கத்தியதையும் ஓர் ஊர் முழுவதும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வீட்டில் இருந்தபடியே பார்த்த சரித்திரம் ஒன்றை இங்கே சொல்லப் போகிறேன். ஊர், பிரேஸில் தேசத்து ரியோ டி ஜெனிரோ. வருஷம் 1963. விசாரணைக்கு வந்த விஷயம் கால்பந்து. விசாரணை நடந்த இடம் தொலைக்காட்சி நிலையம்.

கால்பந்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம், நான் கதை படிக்கிறவள் ஆயிற்றே என்று பக்கத்தைப் புரட்டப் போகும் வாசகிகளுக்கு ஒரு வார்த்தை. அந்த மேஜையில் உட்கார்ந்தவர்களில் முக்கியமானவர் ஒரு நாடகாசிரியர். நாவலும் சிறுகதையும் எழுதிக் குவித்தவர். மைதானத்தில் பந்து எந்த மூலையில் கிடக்கிறது என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டிய அளவுக்குப் பார்வை மங்கியவர். அவர் அந்த மேஜையிலிருந்து சொன்ன ஒரு வாக்கியம் அறுபது வருஷத்துக்குப் பிறகும் பிரேஸிலில் வழக்குச் சொல்லாக நிற்கிறது. அந்த வாக்கியத்தின் கதைதான் இது. அதில் சிரிப்பு முதலில் வருகிறது; வருத்தம் பின்னால் வருகிறது.

ரியோ 1960 வரை பிரேஸிலின் தலைநகர். அந்த வருஷம் சர்க்கார் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு, உள்நாட்டில் புதிதாக நிர்மாணித்த பிரேஸிலியாவுக்குக் குடி போய்விட்டது. மந்திரிகள் போனார்கள்; கால்பந்து போகவில்லை. இன்று நடக்கும் தேசிய லீக் 1971-ல்தான் பிறந்தது. அதற்கு முன்னெல்லாம் ஒவ்வொரு பிரதேசத்துக்கும் ஒரு லீக் உண்டு. ஜனங்களின் மூச்செல்லாம் அதில்தான். ரியோ லீகில் சம்பளம் வாங்கிக் கொண்டு ஆடும் முறை 1933-லேயே வந்துவிட்டது. ஆட்டக்காரர்கள் தொழில்முறைக்காரர்கள் ஆன பிறகும் ரஸிகர்களின் பைத்தியம் மட்டும் தொழிலாகாமல் பைத்தியமாகவே இருந்தது.

அந்த லீகில் நான்கு கிளப்புகள் பெரியவை. புளூமினென்ஸ், பெரிய மனிதர்களின் கிளப் என்று பெயர் வாங்கியது. அதிலிருந்து 1911-ல் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறிய ஆட்டக்காரர்கள், அதுவரை படகுப் போட்டியே நடத்திக் கொண்டிருந்த பிளமெங்கோ கிளப்பில் சேர்ந்து அங்கே கால்பந்தை ஆரம்பித்து வைத்தார்கள். நாளடைவில் பிளமெங்கோ ஏழை எளியவர்களின் கட்சியாகிவிட்டது. பாகப்பிரிவினை செய்துகொண்ட அண்ணன் தம்பிக்குள் இருக்கும் பகை எப்படிப்பட்டது என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது வாஸ்கோ ட காமா, போர்ச்சுகலிலிருந்து குடியேறிய வியாபாரிகளின் கிளப். அது கறுப்பர்களையும் கூலித் தொழிலாளிகளையும் சேர்த்துக் கொண்டு 1923-ல் பட்டம் வென்றது. மற்றப் பெரிய கிளப்புகளுக்கு அது பொறுக்கவில்லை. அடுத்த வருஷம் தனி லீக் அமைத்து, பன்னிரண்டு ஆட்டக்காரர்களை நீக்கினால்தான் வாஸ்கோவுக்கு இடம் என்றார்கள். வாஸ்கோ நீக்க முடியாது என்று எழுதி அனுப்பிவிட்டது. நான்காவது பொட்டபோகோ. கால் வளைந்த மேதை கரிஞ்சா ஆடிய கிளப்.

ஆகவே ரியோவில் ஒருவர் எந்தக் கிளப் என்று கேட்பது அவருடைய தெரு, தகப்பனார், ஜாதகம் எல்லாவற்றையும் கேட்பது மாதிரி. 1963 டிசம்பர் 15-ஆம் தேதி பிளமெங்கோவும் புளூமினென்ஸும் மரக்கானா மைதானத்தில் பட்டத்துக்கு மோதியபோது 1,77,020 பேர் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். டிக்கெட் இல்லாமல் போனவர்களையும் சேர்த்தால் கணக்கு இரண்டு லட்சத்தை நெருங்கும். இவ்வளவு பேர் கூடிய அந்த ஆட்டத்தில் ஒரு கோல்கூட விழவில்லை. சமமாக முடிந்தாலே போதும் என்ற நிலையில் இருந்த பிளமெங்கோ பட்டத்தை எடுத்துக் கொண்டது. கோலே விழாத ஆட்டத்தைப் பற்றி வீட்டுக்குப் போய் என்ன பேசுவது? பேசினார்கள். அதற்குத்தான் அந்த மேஜை இருந்தது.

நிகழ்ச்சிக்குப் பெயர் ‘கிராந்தே ரெஸென்யா ஃபாஸிட்’. ‘ஃபாஸிட் வழங்கும் பெரிய விமரிசனம்’ என்று தமிழில் சொல்லலாம். ஃபாஸிட் என்பது கணக்கு யந்திரமும் தட்டெழுத்து யந்திரமும் செய்து விற்ற ஸ்வீடன் தேசத்துக் கம்பெனி. கூட்டலிலும் கழித்தலிலும் பிழை வராது என்று விளம்பரம் செய்ய வேண்டிய கம்பெனி, எந்தக் கணக்குக்கும் கட்டுப்படாத மனிதர்களுக்குப் பணம் கொடுத்துப் பேச வைத்தது என்பதே ஒரு வேடிக்கை. ஒளிபரப்பியது ரியோ தொலைக்காட்சி. 1955-ல் ஆரம்பித்த அந்த நிலையம் கொபகபானா கடற்கரையோரம் ஒரு பழைய சூதாட்ட விடுதிக் கட்டடத்தில் இருந்தது. 1946-ல் சர்க்கார் சூதாட்டத்தைத் தடை செய்தபோது காலியான கட்டடம் அது. சில வருஷங்களுக்குப் பிறகு நிகழ்ச்சி குளோபோ தொலைக்காட்சிக்கு மாறிற்று.

அமைப்பு மிகவும் எளிது. ஞாயிற்றுக்கிழமை மாலை மைதானத்தில் ஆட்டம் முடியும். ராத்திரி இவர்கள் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். நடத்துகிறவர் லூயிஸ் மெண்டஸ், பழைய வானொலி வர்ணனையாளர். 1950-ஆம் வருஷம் ஜூலை 16-ஆம் தேதி உலகக் கோப்பைக்கான கடைசி ஆட்டத்தில் உருகுவே இரண்டாவது கோல் போட்டு பிரேஸிலைச் சாய்த்தபோது, ‘உருகுவே கோல்’ என்பதை நம்ப முடியாமல், கேள்வியாகவும் துக்கமாகவும் பல தொனிகளில் திரும்பத் திரும்ப ஒலிபெருக்கியில் சொன்னவர் அவர்தான். கெட்ட செய்தியை அப்படிச் சொல்லத் தெரிந்த மனிதர் எந்தச் சண்டையையும் சமாளிப்பார் என்று அவரைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

மேஜையில் ஒவ்வொருவரும் தம் கிளப்பை மூடி மறைக்கவில்லை. இதுதான் இந்த நிகழ்ச்சியின் ரகசியம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஜோஸே மரியா ஸ்காஸா பிளமெங்கோவின் வக்கீல். விட்டோரினோ வியேரா வாஸ்கோவின் வக்கீல். அர்மாண்டோ நொகேரா பொட்டபோகோ அபிமானி. வசனத்தைக் கவிதை மாதிரி எழுதும் பத்திரிகைக்காரர். பின்னாளில் குளோபோ தொலைக்காட்சியின் செய்திப் பிரிவுக்கே தலைவராக இருந்தவர். ஜோவான் சல்தான்யாவும் பொட்டபோகோதான். 1957-ல் அந்தக் கிளப்புக்குப் பயிற்சியாளராக இருந்து பட்டம் வாங்கிக் கொடுத்தவர். இறுதி ஆட்டத்தில் ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் தோற்றது வேறு யாருமல்ல, புளூமினென்ஸ். அந்தப் புளூமினென்ஸின் வக்கீலாக எதிரே உட்கார்ந்திருந்தவர்தான் நம் நாடகாசிரியர், நெல்ஸன் ரோட்ரிகஸ். எல்லாரும் வக்கீல்கள், நீதிபதி என்று ஒருவர் கிடையாது. ஜனங்களுக்கும் நீதிபதி தேவைப்படவில்லை. தங்கள் வக்கீல் நன்றாக வாதாடினாரா என்பதே அவர்கள் கவலை.

இந்தக் கச்சேரிக்குள் புது ஆசாமி ஒருவர் வந்து சேர்ந்தார். அவர் மனிதர் அல்ல, வீடியோ டேப்.

அமெரிக்காவில் 1956-ல் அரங்கேறிய அந்த யந்திரம் பிரேஸிலுக்கு 1960 வாக்கில் வந்தது. இரண்டு அங்குல அகல நாடா. பீரோ பருமனில் யந்திரம். 1962-ல் சிலி தேசத்தில் உலகக் கோப்பை நடந்தபோது, ஆட்டம் பதிவான நாடாக்களை ஆகாய விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்து ஒன்றிரண்டு நாள் கழித்துக் காட்டினார்கள். முடிவு தெரிந்த ஆட்டத்தையும் ஜனங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அதற்கு முன்பெல்லாம் நடந்து முடிந்த ஆட்டம் என்பது ஞாபகத்தில் மட்டுமே இருந்தது. ஞாபகம் அவரவர் சொத்து. அதில் அவரவர் கிளப் தோற்பதே இல்லை. தோற்றால் ரெபரியின் சதி. இப்போது ஞாபகத்துக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஒரு யந்திரம் கூண்டில் ஏறிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தகராறு, ஒரு பெனால்டியைப் பற்றி. புளூமினென்ஸுக்குப் பாதகமான பெனால்டி. நெல்ஸன் அது பெனால்டியே அல்ல என்று தம் கனத்த குரலில், இழுத்து இழுத்து, சிகரெட்டும் கையுமாக வாதாடிக் கொண்டிருந்தார். சரி, பார்த்துவிடுவோம் என்று நாடாவை ஓட விட்டார்கள். ஊரே பார்த்தது. பெனால்டி என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. எல்லாரும் நெல்ஸனைப் பார்த்தார்கள். அவர் கொஞ்சமும் அசரவில்லை. டேப் அப்படிச் சொன்னால் நஷ்டம் டேப்புக்குத்தான், வீடியோ டேப் ஒரு கழுதை என்றார்.

போர்த்துகீசிய பாஷையிலும் கழுதை என்றால் முட்டாள் என்று அர்த்தம். ஆகவே இந்தத் திட்டு தமிழில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் வந்து சேருகிறது.

வெறும் வீம்பு என்று இதைத் தள்ளிவிடலாம். எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அப்படித் தள்ள மனம் வரவில்லை. இந்த மனிதர் காசநோயால் அவதிப்பட்டவர். அந்த நாட்களில் போன பார்வை திரும்பி வரவில்லை. மரக்கானாவில் ஆட்டம் முடிந்ததும் அர்மாண்டோ நொகேராவைப் பார்த்து, “அர்மாண்டோ, இந்த ஆட்டத்தைப் பற்றி நம் அபிப்பிராயம் என்ன?” என்று கேட்பாராம். அப்படியிருந்தும் 1958 மார்ச்சில், பெலே என்ற பதினேழு வயதுப் பையன் ஒரே ஆட்டத்தில் நான்கு கோல் போட்டதைப் பற்றி எழுதும்போது, அந்தப் பையனை ராஜா என்று முதலில் எழுதியவர் இவர். பெலே உலகக் கோப்பையில் கால் வைப்பதற்கு மூன்று மாதம் முந்தி! அதே வருஷம், 1950 தோல்விக்குப் பிறகு பிரேஸில்காரர்களுக்குப் பிடித்திருந்த தாழ்வு மனப்பான்மைக்குத் தெருநாய் மனப்பான்மை என்று பெயர் வைத்தார். கண் நன்றாகத் தெரிந்த எத்தனையோ பேருக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்தது. உள்ளதை உள்ளபடி மட்டும் பார்க்கிற பேதைகள் என்று ஒரு ஜாதியையே தம் பத்திகளில் கேலி செய்து வந்தார். புளூமினென்ஸ் காரணமில்லாமல் தோற்றால் ‘அமானுஷ்ய அல்மெய்டா’ என்றொரு கற்பனை ஆசாமியின் தலையில் பழியைப் போடுவார். ஜனங்கள் சிரித்தார்கள், காலக்கிரமத்தில் அல்மெய்டா உண்மையாகவே ஊரில் எங்கோ குடியிருப்பதுபோலப் பேசவும் ஆரம்பித்தார்கள்.

உள்ளதை உள்ளபடி அச்சடிப்பதில் அவருக்கு இவ்வளவு கசப்பு ஏன் என்பதற்கு அவருடைய வாழ்க்கையில் ஒரு பக்கம் இருக்கிறது. தகப்பனார் பத்திரிகை ஆசிரியர். 1929 டிசம்பர் 26-ஆம் தேதி, தன் விவாக ரத்து விவகாரத்தைப் பத்திரிகையில் போட்டு மானத்தை வாங்கிவிட்டார்கள் என்று ஒரு பெண் கைத்துப்பாக்கியோடு ஆபீஸுக்கு வந்தாள். தகப்பனார் அப்போது அங்கே இல்லை. சித்திரம் வரைந்து கொண்டிருந்த மூத்த சகோதரன் ரொபெர்ட்டோவைச் சுட்டாள். மூன்று நாளில் அவன் இறந்தான். அந்தத் துக்கத்தில் சில மாதங்களுக்குள் தகப்பனாரும் போனார். நெல்ஸனுக்கு வயது பதினேழு. சம்பவம் நடந்தபோது ஆபீஸில் இருந்தார். பிறகு குடும்பத்துக்கு வந்தது வறுமை. அவருக்கு வந்தது காசநோய். 1943-ல் ‘கல்யாண ஆடை’ என்ற நாடகம் மேடையேறிப் பிரேஸிலின் நவீன நாடகமே அதிலிருந்து ஆரம்பித்தது என்று பெயர் வாங்கும் வரையில் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. இப்படி ஒருவர், நடந்தது நடந்தபடி என்ற வார்த்தையைக் கேட்டதும் முகத்தைச் சுளித்தால் அதில் ஆச்சரியம் இல்லை.

இதுவரை சிரிப்பு. இனிமேல் சொல்வதற்கு நாட்டின் நிலைமையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1964 ஏப்ரல் முதல் வாரத்தில் பிரேஸில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1968 டிசம்பர் 13-ஆம் தேதி ஐந்தாவது சாஸனம் என்ற ஒன்றைப் பிறப்பித்தார்கள். சட்டசபை மூடப்பட்டது. அரசியல் குற்றம் என்று பிடித்துக்கொண்டு போனவனை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்து என்று கேட்கும் உரிமை போயிற்று. பத்திரிகைகளைத் தணிக்கை செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒரு பெனால்டியைப் பற்றி எவ்வளவு உரக்கவும் கத்தலாம். மற்ற விஷயங்களைப் பற்றிக் குரலைத் தாழ்த்தித்தான் பேச வேண்டும் என்று ஆயிற்று.

அந்த மேஜையில் இந்தப் பிளவின் இரண்டு கரைகளும் இருந்தன. சல்தான்யா கம்யூனிஸ்ட். வாலிபத்திலிருந்தே கட்சிக்காரர், அதை ஒளிக்கவும் மாட்டார். நெல்ஸனோ தம்மைப் பிற்போக்குவாதி என்று தாமே பெருமையாகச் சொல்லிக் கொண்டவர். ராணுவ ஆட்சியை ஆதரித்து எழுதியவர். அதே ஆட்சி 1966-ல் அவருடைய ‘கல்யாணம்’ என்ற நாவலைத் தடை செய்தது என்பது இன்னொரு வேடிக்கை. தம் புஸ்தகத்தைத் தடை செய்தவர்களைத் தாமே ஆதரிக்கும் எழுத்தாளர்களை உலகம் அதிகமாகப் பார்த்ததில்லை.

இவ்விருவரும் மேஜையில் கடுமையாகச் சண்டை போட்டார்கள். மேஜைக்கு வெளியே சிநேகிதர்கள். சல்தான்யாவுக்குப் ‘பயமறியா ஜோவான்’ என்று பட்டம் சூட்டியவரே நெல்ஸன்தான். அந்தப் பட்டம் பொருத்தமானது. 1967-ல் ஒரு கோல்கீப்பர் எதிர்க் கிளப்பின் புரவலரிடம் பணம் வாங்கியதாகச் சல்தான்யா பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். விவகாரம் துப்பாக்கியைக் கையில் எடுக்கும் வரை போயிற்று. இத்தனைக்கும் பணம் வாங்கியதாகச் சொல்லப்பட்டவருடைய கிளப்தான் அந்த ஆட்டத்தில் ஜெயித்தது. அந்தக் கிளப் சல்தான்யாவின் சொந்தக் கிளப்.

1969 பிப்ரவரியில் ஒரு அதிசயம் நடந்தது. மேஜையில் உட்கார்ந்து பயிற்சியாளர்களைத் திட்டிக் கொண்டிருந்த சல்தான்யாவைக் கூப்பிட்டு, நீரே தேசிய அணிக்குப் பயிற்சியாளராக இரும் என்று சொல்லிவிட்டார்கள். நெல்ஸனுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். சல்தான்யாவும் சொன்னதைச் செய்து காட்டினார். உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் ஆறு ஆட்டங்கள், ஆறிலும் ஜெயம், போட்ட கோல் 23, வாங்கியது 2. ஆனால் கம்யூனிஸ்ட் ஒருவர் ராணுவ ஜனாதிபதியின் கையிலிருந்து கோப்பையைப் பெற்றுக்கொண்டு நிற்கும் காட்சி மேலிடத்தில் யாருக்கும் ரசிக்கக் கூடியதாக இல்லை. ஜனாதிபதி மெடிஸி தமக்குப் பிடித்த ஆட்டக்காரர் ஒருவரை அணியில் சேர்க்க வேண்டும் என்று விரும்பியதாகவும், மந்திரிகளை அவர் பார்த்துக்கொள்ளட்டும், அணியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சல்தான்யா பதில் சொன்னதாகவும் பிரஸித்தம். அதற்கு மட்டும் என்றில்லை. அணி சில ஆட்டங்களில் தடுமாறியது, அவருடைய முன்கோபம் எல்லாம் சேர்ந்து 1970 மார்ச்சில் அவரை விலக்கினார்கள். ஜூன் 21-ஆம் தேதி மெக்ஸிகோவில் பிரேஸில் இத்தாலியை நாலுக்கு ஒன்று என்று வென்றபோது பயிற்சியாளர் ஸகாலோ. கோப்பையை ஜனாதிபதி மாளிகையில் தூக்கிக் காட்டினார்கள். சிறைகளிலும் அன்று ஆட்கள் இருந்தார்கள்.

சிறையில் அடிக்கிறார்கள், மின்சாரம் பாய்ச்சுகிறார்கள் என்று ஊரெங்கும் தாழ்ந்த குரலில் பேச்சு இருந்தது. நெல்ஸன் அதை நம்பவில்லை. எல்லாம் இடதுசாரிகளின் கற்பனை என்றார். அவர் ஈவு இரக்கமில்லாதவர் அல்ல. 1969-ல் இடதுசாரி நண்பரும் மனோதத்துவ வைத்தியருமான ஹெலியோ பெலெக்ரினோ சிறையில் இருந்தபோது, அவரை வெளியே கொண்டுவரத் தம் செல்வாக்கையெல்லாம் உபயோகித்தவர் இந்தப் பிற்போக்குவாதிதான். ஆனாலும் சித்திரவதை உண்டா என்ற கேள்விக்கு அவருக்கு மேலிடத்து வாக்கே போதுமானதாக இருந்தது. அப்படி எதுவும் நடப்பதில்லை என்று ஜனாதிபதியே அவரிடம் உறுதி கூறியதாக அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

அவருடைய பெயரையே கொண்ட மகன் ஆட்சியை எதிர்த்துத் தலைமறைவாக வேலை செய்த கூட்டத்தில் சேர்ந்திருந்தான். 1972-ல் பிடிபட்டான். தகப்பனார் தமக்குத் தெரிந்த அதிகாரிகளையெல்லாம் பார்த்துச் சிறைக்குப் போய் மகனைச் சந்தித்தார். உன்னை அடித்தார்களா என்று கேட்டார். மகன் ஆமாம் என்றான். என்னென்ன செய்தார்கள் என்பதையும் சொன்னான்.

அந்த இடத்தில் நிறுத்தி யோசித்துப் பார்க்கிறேன். ஊரே பார்த்த நாடாவைக் கழுதை என்று சொன்ன மனிதர் அவர். கண் மங்கியவர். எதிரே நிற்பது மகன். சிரிப்பதற்கு ஜனங்கள் யாரும் இல்லை. இந்தச் சாட்சியைக் கழுதை என்று சொல்ல அவரால் முடியவில்லை. மகன் 1979 வரையில் சிறையில் இருந்தான். தகப்பனார் ராணுவத்தில் தமக்கிருந்த சிநேகங்களை முற்றிலும் உதறிவிட்டார் என்று சொல்ல முடியாது. ஆனால் சித்திரவதை கிடையாது என்று அதன் பிறகு அவர் சொல்லவில்லை. அரசியல் கைதிகள் எல்லாருக்கும் பொது மன்னிப்பு வேண்டும் என்று கேட்கிறவர்களோடு தாமும் சேர்ந்து எழுதினார்.

அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. கதை எழுதுகிற எல்லாருடைய கூடவும் இந்த வியாதி பிறந்திருக்கிறது. நடந்ததைவிட நடந்திருக்க வேண்டியதுதான் நமக்குப் பெரிது. ஒரு கிழவியின் அழுகையைப் பார்த்துவிட்டு வந்து எழுதும்போது, அவள் அழாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றினால் கண்ணீரைத் துடைத்துவிடுகிறோம். அதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை; கலை என்கிறார்கள். நெல்ஸனின் கழுதையும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். மேஜையைச் சுற்றி இருந்த எல்லாருக்கும் அவர் புளூமினென்ஸ்காரர் என்று தெரியும். வீட்டில் பார்த்துக் கொண்டிருந்தவர்களுக்கும் தெரியும். அவர் மறுத்ததனால் பெனால்டி மாறப் போவதில்லை. ஸ்கோர் மாறப் போவதில்லை. யாருக்கும் ஒரு கீறல்கூட விழாது. மறுப்பின் செலவு முழுவதும் அவர் கணக்கிலேயே எழுதப்பட்டது. அதனால்தான் ஊர் சிரித்துக் கொண்டாடியது.

சிறைக் கதவுக்குப் பின்னால் நடந்ததை அவர் மறுத்தபோது செலவு வேறொருவர் கணக்கில் ஏறிற்று. ஊர் பேர் தெரியாத வாலிபர்களும் பெண்களும் தங்கள் உடம்பால் அதைக் கொடுத்தார்கள். மறுத்த மனமும் நாக்கும் ஒன்றுதான். பில்லைக் கட்டியவர்கள்தான் வேறு. தம் வீட்டுக்கே அந்தப் பில் வந்த பிறகுதான் அவருக்குத் தொகை புரிந்தது. இது நெல்ஸன் ஒருவருடைய கதை என்று எனக்குத் தோன்றவில்லை. நம்முடைய கட்சி, நம்முடைய ஜாதி, நம்முடைய தலைவர் என்று வரும்போது, எந்தச் சாட்சி வந்தாலும் கழுதை என்று சொல்ல எல்லாருக்கும் நாக்குத் தயாராக இருக்கிறது. சொல்வதற்கு முன்னால், இந்த மறுப்புக்கு யார் பணம் கட்டப் போகிறார்கள் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெல்ஸன் ரோட்ரிகஸ் 1980 டிசம்பர் 21-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில் காலமானார். பத்திரிகை ஆபீஸ் நண்பர்களோடும் ஒரு சகோதரரோடும் கூட்டாக அந்த வாரம் கால்பந்து லாட்டரிச் சீட்டு ஒன்று கட்டியிருந்தார். பதின்மூன்று ஆட்டங்களின் முடிவையும் சரியாக ஊகிக்க வேண்டும். அன்று மாலை முடிவுகள் வந்தன, பதின்மூன்றும் சரி. பந்து தெரியாத மனிதருக்கு அத்தனை ஆட்டமும் தெரிந்திருந்தது! சல்தான்யா 1990 ஜூலையில், உலகக் கோப்பையைப் பற்றித் தொலைக்காட்சியில் பேசுவதற்காகப் போயிருந்த ரோம் நகரத்தில் கண்ணை மூடினார். நடத்துனர் லூயிஸ் மெண்டஸ் 2011 வரையில் இருந்தார்.

மேஜை மட்டும் சாகவில்லை. ‘வட்ட மேஜை’ என்ற பொதுப் பெயரில் பிரேஸில் தொலைக்காட்சியில் அதன் பேரப்பிள்ளைகள் இன்றும் ராத்திரி வேளைகளில் கத்திக் கொண்டிருக்கிறார்கள். 2019 முதல் பிரேஸில் தேசிய லீகில் ரெபரிக்கு உதவியாக ஓர் அறையில் பல திரைகளை வைத்துக்கொண்டு வீடியோ நடுவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கழுதைக்கு நீதிபதி உத்தியோகம் கிடைத்துவிட்டது என்று சொல்லலாம். அதனால் சண்டை குறைந்ததாகத் தெரியவில்லை. முன்பு ரெபரியைத் திட்டினார்கள். இப்போது ரெபரியையும் அறையையும் சேர்த்துத் திட்டுகிறார்கள். நெல்ஸன் இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

மற்ற சாட்சிக்குத்தான் வெகு காலம் பிடித்தது. ராணுவ ஆட்சி 1985-ல் முடிந்தது. அந்த ஆட்சிக் காலத்தில் என்ன நடந்தது என்று விசாரிக்கத் தேசிய உண்மைக் கமிஷன் ஒன்றை அமைத்து, அது தன் அறிக்கையை 2014 டிசம்பரில் கொடுத்தது. கொல்லப்பட்டவர்களும் காணாமற் போனவர்களும் 434 பேர் என்று பெயர் பெயராக எழுதியிருக்கிறார்கள். சித்திரவதை நடந்தது என்றும், அது மேலிடத்துக்குத் தெரிந்தே நடந்தது என்றும் எழுதியிருக்கிறார்கள். ஒரு பெனால்டியைத் தீர விசாரிக்க அந்த மேஜைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போதுமானதாக இருந்தது. இதைத் தீர விசாரித்து எழுதி முடிக்க அந்தத் தேசத்துக்கு, ஆட்சி போன பிறகும் இருபத்தொன்பது வருஷம் ஆயிற்று.